வெர்டி போட்ட கூடாரம்

வெர்டி கூடார மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிய அன்று எங்கள் ஸ்டோனிலிக் பள்ளத்தாக்கே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அறுபதைத் தாண்டிய பொம்பளை. சர்ச் படியில் ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். அவள் போய் ரோடு இல்லாத, கரண்ட் இல்லாத, குழாய்த் தண்ணீர் இல்லாத மலையில் ஆகஸ்ட் முழுக்கத் தன்னந்தனியாக இருக்கப் போகிறாளாம்.

"ஏன்க்கா, மேல கரடி இருக்கே, அதுக்கு என்ன சமைச்சுப் போடப் போற?" என்று கேட்டேன்.

"உன் புருஷன் ஆர்பின் திங்கிறதத்தான் அதுவும் திங்கும். அவனுக்கு ஆக்கிப் போட்டுப் பழகுன கைதானே, நீயே ஒரு சட்டி கொண்டா" என்றாள்.

அவளிடம் வாய் கொடுத்தால் அப்படித்தான். நான் வாயை மூடிக்கொண்டு தார்ப்பாயைத் தூக்கினேன்.

சிரித்தோமே தவிர, அவள் எதற்குப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். வெர்டியும் அவள் புருஷன் டெல்மரும் இருந்த வீடு ஓடைக்கரையில் இருந்தது. போன வருஷம் ஜூலையில் ஓடை பொங்கி வந்து அந்த வீட்டை அடித்தளத்தோடு வாரிக்கொண்டு போய்விட்டது. என் வீடு எதிர்க்கரையில், கொஞ்சம் மேட்டில். எனக்கு வாசல் பலகையும் கோழிகளும் போனதோடு சரி. அப்போதிலிருந்து அவர்கள் அரசாங்கம் கொடுத்த டிரெய்லரில், சக்கரம் வைத்த தகர வீட்டில், காலம் தள்ளுகிறார்கள். பனி விழுவதற்குள் டிரெய்லரைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் போக்கிடம் என்றால் ஒஹாயோவில் மகள் லூடெல் வீடுதான். நாலாவது மாடியில் ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். அந்த அறை என்ற பேச்சை எடுத்தாலே வெர்டிக்கு எட்டிக்காய்.

மலைமேல் டெல்மரின் அப்பா ஆர்லிஸ் விட்டுப்போன நிலம் இருக்கிறது. எந்த வெள்ளமும் எட்டாத மேடு. அங்கே ஒரு வீடு கட்டிவிட்டால் கென்டக்கியை விட்டு நகர வேண்டாம். கட்டுவதற்கு அவர்கள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சேங்.

மருந்துக்கடைப் பெட்டியில் ஜின்செங் என்று போட்டிருக்கும். எங்கள் வாயில் அது சேங். வடக்குப் பார்த்த சரிவில், பெரிய மரத்து நிழலில் வளர்கிற செடி. வேருக்குத்தான் விலை. விதை போட்டால் வேர் பருவத்துக்கு வர எட்டு ஒன்பது வருஷம் ஆகும். டெல்மர் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு வந்த கையோடு புருஷனும் பொண்டாட்டியுமாக முட்டி போட்டு விதைத்தது இந்த வருஷம்தான் பருவத்துக்கு வந்திருந்தது. ஆனால் செப்டம்பர் பிறந்தால்தான் தோண்டலாம். வியாபாரியும் அதற்கு முன்னால் தொடமாட்டான். செடியோ ஆகஸ்டிலேயே பழுத்துச் சிவந்துவிடும். சிவந்தால் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். அதனால் திருடனுக்கு ஆகஸ்டுதான் அறுவடை மாசம். மாசம் முழுக்கக் காவல் இல்லையென்றால் ஒன்பது வருஷ உழைப்பு ஒரே நாளில் யார் பையிலோ போய்விடும்.

டெல்மர் அண்ணன் காவலுக்குப் போகிற நிலையில் இல்லை. நெஞ்சு முழுக்கக் கரித்தூள். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் பாட்டில். அன்றைக்கு டிரெய்லர் வாசலில் உட்கார்ந்து அவள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறவ எனக்கு எதையாவது சொல்லிட்டுப் போ" என்றார்.

"பாட்டில் பக்கத்துல சிகரெட்ட பத்த வைக்காத. அம்புட்டுதான்."

"அத விட்டு எத்தன வருஷமாச்சுடி!"

"டிரெய்லருக்குப் பின்னாடி துண்டு துண்டாக் கெடக்கே, அதை யாரு குடிச்சா? நாயா?"

டெல்மரின் தம்பி ஹோபர்ட் அதைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தான். ஹோபர்ட் எரிவாயுக் கம்பெனிக்கு புல்டோசர் ஓட்டுகிறவன். அண்ணனுக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். வெர்டி இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அவனுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொடுத்து வளர்த்தவளே இவள்தான். அப்பா சொத்தில் அவனுக்கு வந்த பாதி மலையை, பெண்டாட்டி விட்டுப்போன வருஷம் மரக் கம்பெனிக்கு விற்றுவிட்டான். இப்போது பள்ளத்தாக்கு முகப்பில் வாடகை வீடு. வேலை முடிந்து வந்தால் அண்ணன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். வேறு போக்கிடம் அவனுக்கும் இல்லை.

"மதினி, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா? பேசாம லூடெல் வீட்டுக்குப் போனா, சூடா தண்ணி வரும், லிஃப்ட்டு இருக்கும்" என்றான்.

"லிஃப்ட்டுல நீ போடா. எனக்கு ஏற மலை இருக்கு."

எரிவாயுக் கிணறு வரைக்கும் கம்பெனி போட்ட மண்பாதை உண்டு. அதுவரை என் நாலு சக்கர வண்டியில் ஏற்றிப் போனேன். அதற்குமேல் நடைதான். ஒருவர் காலை வைத்தால் அடுத்தவர் கால் வைக்க இடமில்லாத தடம். நாங்கள் இரண்டு பேரும் நின்று நின்று, ஏசிக்கொண்டே ஏறினோம்.

அவளை விட்டுவிட்டு இறங்கும்போது, இரண்டு நாள் தாக்குப்பிடிப்பாள், மூன்றாம் நாள் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் கொட்டிய மழை இருக்கிறதே, ஓடைச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. வெள்ளத்துக்கப்புறம் இந்த ஊரில் மழை என்றால் யாருக்கும் தூக்கம் கிடையாது. மழை விட்டதும் அவிச்ச பீன்ஸ் ஒரு தூக்கு, சோளரொட்டி, நாலு தக்காளி எடுத்துக்கொண்டு ஏறினேன். அவள் நனைந்த கோழியாகச் சுருண்டு கிடப்பாள் என்று எதிர்பார்த்துப் போனால், அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருக்கிறது.

கூடாரத்தைச் சுற்றி அரை முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் சரிவில் இறங்க வழி விட்டிருந்தாள். கூடாரத்துக்கு மேலே இன்னொரு தார்ப்பாயைக் கூரையாக இழுத்துக் கட்டியிருந்தாள். சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். பாறை இடுக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பானையில் பிடித்துக் காய்ச்சி வைத்திருந்தாள். தள்ளி ஒரு குழி, அதன்மேல் பலகை, மறைப்புக்குப் பழைய போர்வை. கொடியில் டெல்மரின் சட்டைகளும் பேண்ட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணன் துணிய எதுக்கு இங்க கொண்டுவந்து தொவைக்கிற?"

"தொவைக்கலடி. மேல ஆம்பள இருக்கான்னு வர்றவன் நெனைக்கட்டும். தெனம் ஒரு சட்டைய மாத்தித் தொங்கவிடுறேன்."

"அந்தப் பேண்ட்டு நனைஞ்சு கெடக்கே."

"ஆம்பளைங்க மழைக்கு முன்னாடி துணிய எடுத்து வைப்பாங்களா? அதான் விட்டுட்டேன்."

சிரித்துச் சிரித்து எனக்குக் காப்பி மூக்கில் ஏறியது.

சாப்பிட்டுவிட்டு, மேட்டின் சமதளத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டியிருந்தாள். குறுக்கே இன்னும் சில நூல்கள்.

"பாத்து வா, சுவர மிதிக்காத. இது வாசல். இங்க அடுப்பு. இந்தப் பக்கம் அவரு கட்டில். ஜன்னல் எங்கன்னு நெனைக்கிற? இங்க. படுத்த மேனிக்கே மலையப் பாக்கலாம். சுரங்கத்துக்குள்ளயே முப்பது வருஷம் கெடந்த மனுஷன்டி. மிச்ச நாளைக்கு நாலாவது மாடில போயி எதுத்த வீட்டுச் செவுத்தப் பாத்துட்டுக் கெடக்கணுமா?"

அவள் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது. இவள் கட்டித்தான் தீருவாள் என்று அப்போது நினைத்தேன், மனசார நினைத்தேன்.

சாயங்காலம் அவளோடு சேங் சரிவைச் சுற்றி வந்தேன். காலையும் மாலையும் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு இதைச் சுற்றி வருவதுதான் அவள் வேலை. ஓக் மரங்களுக்குக் கீழே தரை முழுக்கப் பழைய இலை. நடுவில் முழங்கால் உயரத்துக்குச் செடிகள், உச்சியில் கொத்துக் கொத்தாகச் சிவந்த பழம். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ஒரு விரியன் பாம்பு கட்டைக்கடியில் கிடந்தது, அதைத் தடியால் நகர்த்திவிட்டு, "இதுவும் காவலுக்குத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்றாள்.

மாசம் பாதியைத் தாண்டியபோதுதான் வந்தது வினை. டெல்மருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. நான் போய்ச் சொன்னதும் வெர்டி அப்படியே தடியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அதற்குள் ஹோபர்ட் அண்ணனைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் உள்ளே அழைத்துப் போகிறவரைக்கும் அவன்தான் கூட நின்றான். இருட்டுவதற்கு முன்னால், "எனக்கு ஷிஃப்ட் இருக்கு மதினி, காலைல வர்றேன்" என்று கிளம்பினான். வெர்டியும் நானும் அங்கேயே நாற்காலியில் தங்கினோம். மறுநாள் மத்தியானம் டெல்மரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவரை டிரெய்லரில் படுக்க வைத்துவிட்டு, ஆர்பினைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் மலையேறினோம். கூடாரம் நின்றது. கொடியில் சட்டை தொங்கியது. சரிவுக்குப் போனோம். மேல்பக்கத்தில் பாதிக்குமேல் செடிகள் இல்லை.

"ஐயோ அக்கா, போச்சே! பாவிங்க வாரிட்டுப் போயிட்டானுங்களே!" என்று கத்தினேன். வெர்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். மரத்தைக் கூடப் பிடிக்கவில்லை, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நான் இறங்கிப் போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஏழெட்டு ஆம்பளைகள் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் கையில் துப்பாக்கி. ஹோபர்ட்டும் வந்தான்.

"வேற யாரு, மலைக்கு அந்தாண்ட இருக்கிற டர்னெட் பசங்கதான். போன வருஷம் கில்மர் காட்டுல கைவச்சவனுங்களும் அவனுங்கதான்" என்றான் ஒருத்தன்.

"அவனுங்களேதான்" என்றான் ஹோபர்ட். "அவனுங்க தவிர வேற எவனுக்கு வரும் இந்த தைரியம்?"

"அப்ப என்ன நின்னுட்டு இருக்கோம்? இப்பவே போயி வீட்டுக் கதவத் தட்டுவோம். வேரு இன்னும் அவனுங்க கிட்டத்தான் இருக்கும். சீசன் தொடங்காம எவன் வாங்குவான்?"

"தட்டுறதென்ன, ஒடைச்சிட்டே போவோம்."

டர்னெட் பசங்களும் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை. இவர்கள் போனால் யாராவது ஒருத்தன் திரும்பி வரமாட்டான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெர்டி அதற்குள் எழுந்து தோண்டிய இடங்களுக்குப் போயிருந்தாள். ஒரு குழிக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள். மேலே கிடந்த இலையைத் தூக்கினாள். விரலால் மண்ணைக் கிளறினாள். இலையை மறுபடி வைத்தாள். அடுத்த குழிக்குப் போனாள். அங்கேயும் அப்படியே. அதற்கடுத்த குழி. பிறகு எழுந்து நின்று, கூடியிருந்தவர்களைப் பார்த்தாள்.

"துப்பாக்கிய எல்லாம் வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒருத்தரும் டர்னெட் வீட்டுப் பக்கம் போகக் கூடாது."

"என்ன பேசுறீங்க, அப்படியே விட்டுரச் சொல்றீங்களா?"

"என் சேங், என் மலை. போகக் கூடாதுன்னா போகக் கூடாது. போங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஹோபர்ட் கடைசியாகப் போனான். அவன் போன தடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னக்கா ஆச்சு உனக்கு? பித்துப் பிடிச்சிருச்சா?"

"இங்க வா. இதத் தூக்கு."

இலையைத் தூக்கினேன். மண்ணைக் கிளறினேன். உள்ளே சிவப்புப் பழம் மூன்று.

"பழத்தத் திரும்பப் புதைச்சிருக்கான். அதுக்கென்ன? நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க?"

"தோண்டுறவன் செய்வான். திருடுறவன் செய்வானா? பழம், தண்டு, இலை எல்லாத்தையும் சேத்துப் பையில போட்டுட்டு ஓடத்தான் பாப்பான். இவன் உக்காந்து ஒவ்வொரு குழிக்கும் விதைச்சிருக்கான்டி. சின்னச் செடி ஒண்ணையும் தொடல, பாத்தியா? சரி, இது என்ன இலை?"

பார்த்தேன். "மேப்பிள்."

"சுத்திலும் என்ன கெடக்கு?"

சுற்றிலும் ஓக் இலை. கணுக்கால் மூழ்குகிற அளவுக்கு ஓக் இலை. மேப்பிள் மரம் அந்தச் சரிவின் கீழ்க்கோடியில்தான் இருந்தது.

"அங்கேர்ந்து அள்ளிட்டு வந்திருக்கான். ஓக் இலை தடிமன், முளை அதப் பொத்துக்கிட்டு வராது, நடந்து போயாவது மேப்பிள் இலையக் கொண்டுவந்து மூடணும்னு என் மாமனாரு அடிச்சுக்குவாரு. ஊர்ல எல்லாரும் அவரக் கிறுக்கன்னு சொல்லுவாங்க. அத மதிச்சுச் செய்யிறது அவரு பெத்த புள்ளைங்க ரெண்டு பேருதான். ஒருத்தர் நேத்து மூக்குல கொழாயோட ஆஸ்பத்திரில கெடந்தாரு."

நான் ஹோபர்ட் போன தடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

கீழே வந்ததும் ஆர்பினை அனுப்பிவிட்டு, வெர்டி அந்த மேப்பிள் இலையை எடுத்து டெல்மரின் மடியில் வைத்தாள். அவர் இலையைப் பார்த்தார். டிவியை அணைத்தார்.

"ஒவ்வொரு குழிக்குமா?" என்றார்.

"ஒவ்வொரு குழிக்கும்."

அவர் இலையின் காம்பைப் பிடித்துத் திருப்பினார். பிறகு, "லூடெலுக்கு ஃபோன் போடு வெர்டி. ஒஹாயோவுக்கே போயிரலாம்" என்றார்.

"எதுக்கு?"

"என் தம்பியத் திருடன்னு ஊரு முன்னாடி நிறுத்திட்டு அந்த மலையில நான் எப்படிப் படுப்பேன்? அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? வேணாம். வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஊரு முன்னாடி நிறுத்தணும்னா மேலயே நிறுத்தியிருப்பேன். அத்தன பேரும் அங்கதான் நின்னாங்க."

"பின்ன என்னடி செய்யப் போற?"

"உன் தம்பிக்கு ஆறு வருஷம் சோறு கட்டிக் குடுத்தவ நான். எனக்கு அவங்கிட்டப் பேசத் தெரியும். நீ ஃபோனத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "வண்டிய எடு."

ஹோபர்ட் வீட்டுப் பின்பக்கக் கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. வெர்டி தட்டவில்லை, தள்ளினாள். பழைய ஜன்னல் வலைகளை இரண்டு பெட்டிமேல் குறுக்கே போட்டு, அதில் வேர்களைப் பரப்பிக் காயப்போட்டிருந்தான். ஒன்றோடொன்று ஒட்டாமல், அழகாகப் பரப்பியிருந்தான். பக்கத்திலேயே ஒரு வாளிமேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

வெர்டி ஒரு வேரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"தேய்ச்சுக் கழுவினியா?"

"இல்ல. தண்ணி மட்டும் ஊத்துனேன்."

"அது வரைக்கும் பரவாயில்ல. தோலு போயிருந்தா வியாபாரி தொட்டிருக்க மாட்டான்." வேரை வலையில் வைத்தாள். "எதுக்குடா?"

அவன் வலையில் ஒரு வேரை நகர்த்தி வைத்தான்.

"விக்கவா?"

"இல்ல."

"பின்ன?"

"நீங்க ஒஹாயோ போகணும்னு." வலையைப் பார்த்தே பேசினான். "நேத்து அவரத் தூக்குனது நான்தானே மதினி. நெஞ்சுக்கூடு ஏறி ஏறி எறங்குனது என் கையிலதான். டிரெய்லரு ரோட்டோரமா இருந்ததால ஆச்சு. அந்த மேட்டுல இருந்திருந்தா? எந்த ஆம்புலன்ஸ் ஏறி வரும்? நீங்க உங்க பிடிவாதத்துக்கு அவரக் கொண்டுபோயி அங்க வச்சு... எனக்குன்னு இருக்கிறது அவரு ஒருத்தருதான். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா மலைக்குத்தான் போனேன். சேங் இல்லன்னா வீடு இல்ல, வீடு இல்லன்னா போயிருவீங்கன்னு நெனைச்சேன்."

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

"அதுக்காக டர்னெட் பசங்க மேல பழியப் போடுவியா? அவனுங்கள்ல ஒருத்தன் செத்திருந்தா? நம்மாளு ஒருத்தன் செத்திருந்தா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். வளர்ந்த ஆம்பளை தோள் குலுங்க அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெர்டி விடுவதாக இல்லை.

"இத மட்டும் சொல்லு. திருடப் போன எடத்துல எதுக்குடா வெதச்சிட்டு வந்த?"

"என்ன?"

"கீழ்க்கோடிக்கு நடந்து போயி, மேப்பிள் இலைய அள்ளிட்டு வந்து, ஒவ்வொரு குழியா மூடியிருக்கியே. அது வேரு விட்டு வர ஒன்பது வருஷம். நாங்க ஒஹாயோ போயிட்டா அத யாரு தோண்டுவா? யாருக்குடா வெதச்ச?"

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கை இரண்டையும் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

"தெரியல மதினி. கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு."

"அந்தக் கைக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல" என்றாள் வெர்டி. "ஆம்புலன்ஸ் ஏறாதுன்னியே, ஏன் ஏறாது?"

"எரிவாயுக் கெணத்துக்கு மேல வழி இல்லையே."

"நீ என்ன வேல பாக்குற?"

அவன் விழித்தான்.

"கேக்குறேன்ல. என்ன வேல பாக்குற?"

"டோசர் ஓட்டுறேன்."

"டோசர் ஓட்டுறவன் எங்கிட்ட வந்து வழி இல்லன்னு அழுவுறானே, கேட்டியா லொவீனா?" என்று என்னிடம் சொன்னாள். பிறகு வேர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது இங்கயே காயட்டும். ராத்திரி உள்ள ஈரம் எறங்கும், கதவச் சாத்தி வையி. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்" என்று வெளியே நடந்தாள்.

வண்டியில் வரும்போது, "அவன் செய்வானாக்கா?" என்று கேட்டேன்.

"செய்யாட்டி நாளைக்கு நான் கடப்பாரையும் மம்பட்டியும் எடுத்துட்டு வெட்ட ஆரம்பிச்சிருவேன். அத அவன் பாத்துட்டு இருக்க மாட்டான்" என்றாள்.

அவள் மறுபடி மலைக்கே போனாள். மிச்சமிருந்த சேங்குக்குக் காவல் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வருகிறோம், மேலே டோசர் உறுமுகிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது. ஹோபர்ட் கம்பெனியில் யாரிடம் என்ன கெஞ்சினானோ, வண்டியை எடுத்து வந்துவிட்டான். வேலை முடிந்து வந்த ஒவ்வொரு சாயங்காலமும் வெட்டினான். பாறையைப் பெயர்த்தான், வளைவில் கல்லைப் போட்டுக் கரை கட்டினான், மழைத் தண்ணீர் ஓடக் குழாய் பதித்தான். அந்தத் தடம் செம்மண் ரோடாக மேட்டில் போய் நின்றது. ஊரில் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். திருடன் யாரென்று தெரிந்ததா என்று கேட்டவர்களிடம் வெர்டி, "வேரு கெடைச்சிருச்சு, உங்களுக்கென்ன" என்று சொல்லி வாயை அடைத்தாள்.

செப்டம்பர் பிறந்த அன்று காலையில் டெல்மரை ஹோபர்ட் தன் வண்டியிலேயே மேலே கொண்டுவந்தான். ஆர்பினும் நானும் பின்னால் வந்தோம். வண்டியில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. இரண்டு பேரும் நேராகப் பார்த்தபடியே வந்தார்கள். கூடாரத்துக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, பாட்டிலைக் கல்லில் சாய்த்து வைத்து, டெல்மரை உட்கார வைத்தோம். அவர் அந்த மலையை எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிறார். கொடியில் தொங்கிய தன் சட்டையைப் பார்த்தார். நூல் கட்டிய வீட்டைப் பார்த்தார். வெர்டி சுட்டிக்காட்டிய ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினார். ஹோபர்ட் தள்ளி நின்று பூட்ஸில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஹோபர்ட்டு" என்றார் டெல்மர்.

சுரண்டுவதை அவன் நிறுத்தினான். நான் ஆர்பின் கையைப் பிடித்தேன்.

"ஒரு குழிக்கு எத்தன பழம் போட்ட?"

"மூணு."

"மூணா? அப்பா ரெண்டுன்னுதானே சொல்லுவாரு."

"உனக்கு ரெண்டுன்னு சொல்லியிருப்பாரு. எங்கிட்ட மூணுன்னாரு."

"எதுக்கு மூணு? ஒண்ணு முளைக்க. ஒண்ணு எலிக்கு. இன்னொண்ணு யாருக்கு, திருடனுக்கா?"

ஹோபர்ட்டின் முகம் கோணியது. அழப் போகிறான் என்று நினைத்தேன். டெல்மர் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, ஆள் முன்னால் வளைந்துவிட்டார். ஹோபர்ட் ஓடிவந்து முட்டி போட்டு, பாட்டில் திருகைத் திறந்துவிட்டு, அண்ணன் முதுகை மேலும் கீழும் தடவினான். டெல்மர் மூச்சு திரும்பியதும் தம்பியின் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே, "ரெண்டுதான்டா. எழுதித் தர்றேன், ரெண்டுதான்" என்றார்.

"மூணுண்ணே. சத்தியமா மூணு."

வெர்டி களைக்கொத்தைக் கொண்டுவந்து ஹோபர்ட்டின் கையில் திணித்தாள். "மூச்சு விடுறது அவரு வேல. தோண்டுறது உன் வேல. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பாருங்க. எனக்குப் பனி விழுறதுக்குள்ள கூரை ஏறணும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.